சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

2020 மே 7ஆம் தேதி விடிவதற்கு முன்பே அலுவலகம் போய் நான் முதலில் எடுத்தது, எங்கள் கடற்படைத் தளத்தைச் சுற்றியுள்ள ஆலைகளில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று எழுதி வைத்திருந்த என் பதிவேட்டைத்தான். விசாகப்பட்டினத்தில், கோபாலப்பட்டணம் பக்கம் வெங்கடாபுரத்தில் ஓர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனம் கசிந்து, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் தெருவிலேயே மயங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். பதிவேட்டில் அந்த ஆலை இருந்தது, ஸ்டைரீன் என்ற பெயரும் இருந்தது. அதற்கு நேராக, அபாய அளவு என்ற கட்டத்தில், என் கையெழுத்தில் 'குறைவு' என்று எழுதியிருந்தது.

அதில் 12 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். என் பதிவேட்டில் நான் வேறு எதை எழுதியிருந்தாலும் அந்தக் கசிவு நின்றிருக்காது. அது எங்கள் தளத்துக்காக மட்டும் தயாரித்த பதிவேடு. ஆனாலும் அந்த ஒற்றை வார்த்தை இன்றுவரை என்னை விடவில்லை. நான் எப்படிக் கணக்குப் போட்டேன், எங்கே தவறினேன், பிறகு எதையெல்லாம் மாற்றிக்கொண்டேன் என்று எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த வேலையை இன்று செய்கிறவர்களில் ஒருவருக்குப் பயன்பட்டாலும் போதும்.

கடற்படை சார்ந்த ஒரு பிரிவில் 1999 முதல் 2022 வரை தீயணைப்பு, பாதுகாப்பு வேலையில் இருந்தேன். சீருடை இல்லாத சிவிலியன் ஊழியன். கடைசிப் பத்து ஆண்டுகள் எனக்குக் கொடுத்த பொறுப்பு, சுவருக்கு வெளியே ஏதாவது ரசாயனம் கசிந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது.

விசாகப்பட்டினத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கே கைலாசகிரி மலை, தெற்கே யாராடா மலை, கிழக்கே கடல், நடுவில் கிண்ணம் போலப் பள்ளம். அந்தக் கிண்ணத்துக்குள்தான் துறைமுகம், கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தளம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, கடற்படை விமானத் தளத்தோடு சேர்ந்த விமான நிலையம் எல்லாம் இருக்கின்றன. இடையிடையே மல்காபுரம், சிந்தியா, கஞ்சரபாலெம் என்று ஜனங்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள். 1997 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சுத்திகரிப்பு ஆலையில் எல்.பி.ஜி. கசிந்து தீப்பிடித்ததில் கிட்டத்தட்ட 60 பேர் இறந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் காலையைப் பற்றிச் சொல்லாத ஆளே இல்லை.

பொறுப்பு கைக்கு வந்ததும் எல்லோரையும் போல நானும் பட்டியலில்தான் ஆரம்பித்தேன். 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள்படி, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள் பெரு விபத்து அபாய ஆலைகள் என்று பதிவாகும். அந்த அளவு குளோரினுக்கு 10 டன், அமோனியாவுக்கு 60 டன். பட்டியலை வாங்கினேன், வரைபடத்தில் புள்ளி வைத்தேன், வட்டம் போட்டேன். வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

எங்கள் பின்பக்கச் சுவரை ஒட்டி டீக்கடை வைத்திருந்த அம்மா ஒருத்தர் அந்த நினைப்பை உடைத்தார். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டேன், இங்கே எப்போதாவது நெடி வருமா என்று. "எந்த நெடி பாபு? ஐஸ் ஆபீஸ் நெடியா, தண்ணீர் டேங்க் நெடியா?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டுமே என் பட்டியலில் இல்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் போடும் ஆலைகளில் அமோனியா சில டன்தான் இருக்கும், 60 டன் எல்லைக்குப் பக்கத்திலேயே வராது. குடிநீர் நிலையத்தில் 900 கிலோ குளோரின் அடைத்த டோனர் என்ற பெரிய உருளை ஐந்து இருந்தால் நாலரை டன், அதுவும் பட்டியலுக்குள் வராது. ஆனால் பட்டியலில் இருந்த பெரிய ஆலை எங்களிடமிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்த ஐஸ் ஆலையோ சுவரிலிருந்து இருநூறு அடி.

அதற்கப்புறம் நான் வட்டம் போடுவதை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தேன். சுவரை ஒட்டி வெளிப்பக்கமாக ஒரு முழுச் சுற்று, ஞாயிற்றுக்கிழமைகளில், கையில் நோட்டோடு. லாரி டிரைவர்களிடம் பேசினேன். டேங்கர் லாரிகளின் அபாயத் தகவல் பலகையில் நாலு இலக்க ஐ.நா. எண் இருக்கும். 1005 என்றால் அமோனியா, 1017 குளோரின், 1075 எல்.பி.ஜி., 2055 ஸ்டைரீன். இந்த எண்களை வாசல் காவலர்களுக்கு மனப்பாடமாகவே சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வாசலுக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் ஒரு நாளைக்கு எந்த எண் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு வாரம் எழுதச் சொன்னேன். எந்த அலுவலகப் பட்டியலும் எனக்குத் தராத தகவல் அது. நகரும் டேங்கரை யாரும் வரைபடத்தில் புள்ளி வைப்பதில்லை.

சுங்கக் கிடங்குகளும் இப்படித்தான் விட்டுப்போகும். 2020 ஆகஸ்டில் பெய்ரூத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகு, சென்னை மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் சுமார் 700 டன் அதே சரக்கு இருப்பது செய்தியானது. 2015இல் பறிமுதல் செய்து வைத்தது. அப்புறம் அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். பறிமுதல் ஆன சரக்கு, வழக்கில் கிடக்கும் சரக்கு, முதலாளி கைவிட்ட சரக்கு என்று எதையாவது யாரும் தொடாமல் வைத்திருக்கிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து முகக்கவசம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ராணுவத் தளங்களில் இருக்கும் மிக ஆபத்தான தைரியம் இதில்தான் இருக்கிறது.

ஒரு கோடைகாலம். சுவருக்கு வெளியே ஓர் ஐஸ் ஆலையில் குழாய் இணைப்பு ஒன்று விட்டுவிட்டது. எது என்பது வேண்டாம். அமோனியா நெடி பின்வாசலுக்கு வந்ததும் ரோந்து வண்டியில் இருந்த இரண்டு இளைஞர்கள் வண்டியிலிருந்த ரசாயனப் போர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பார்க்கப் போனார்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக மாட்டியிருந்தார்கள், பட்டை இறுக்கமாக இருந்தது. மூன்று நிமிஷம் இருக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமலோடு திரும்பி வந்தார்கள். ஒருவன் முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, "சார், இது ஓட்டையா?" என்று கேட்டான்.

ஓட்டை இல்லை. அந்த வடிகட்டியில் இருக்கும் கரி நரம்பு நச்சுக்கும் கொப்புள நச்சுக்கும் தயாரானது. அமோனியாவை அது சரியாகப் பிடித்து வைக்காது. கார்பன் மோனாக்சைடு அதில் நேராகப் போய்விடும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எந்த வடிகட்டியும் உதவாது. போர்க்களத்துக்கு என்று வாங்கிய கவசம் பக்கத்து ஆலையின் கசிவுக்கும் போதும் என்று அந்தப் பையன்கள் நம்பினார்கள். அவர்களுக்கு வேறு மாதிரி நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை.

அதற்கப்புறம் பின்வாசல் பெட்டியில் அமோனியாவுக்கென்று பச்சைப் பட்டை வடிகட்டி வைத்தோம். பச்சை அமோனியாவுக்கு, சாம்பல் நிறம் குளோரின் போன்ற வாயுக்களுக்கு, பழுப்பு கரைப்பான் ஆவிகளுக்கு. ஆனால் அவையும் தப்பி வெளியே வருவதற்குத்தான், கசிவைத் தேடி உள்ளே போவதற்கு இல்லை. காற்றில் அமோனியா 300 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 300 பங்கு), குளோரின் 10 பி.பி.எம். தாண்டினால் உயிருக்கு உடனடி ஆபத்து என்பது கணக்கு. அதற்கு மேல் முதுகில் காற்று சிலிண்டர் சுமக்கும் பி.ஏ. செட் இல்லாமல் யாரும் போகக் கூடாது. சிலிண்டரில் முப்பது நிமிஷம் என்று எழுதியிருந்தாலும், பயத்தில் மூச்சு வாங்கும் ஆளுக்கு இருபதுகூடத் தாங்காது. பயிற்சியில் ஓடவிட்டுப் பார்த்தால் தெரியும்.

சரி, காற்றுக்கு வருகிறேன். நான் பிறந்ததும் கடலோர ஊர்தான். பகலில் கடலிலிருந்து வீசும், ராத்திரி நிலம் குளிர்ந்ததும் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். எங்கள் ஊரில் அதைக் கரைக்காற்று என்போம், அதை நம்பித்தான் விடியலுக்கு முன் படகு இறங்கும். சின்ன வயதில் தெரிந்துகொண்ட இந்த விஷயத்தை வேலையில் பொருத்திப் பார்க்க எனக்கு ஏழெட்டு வருஷம் ஆனது. தளம் கடலை ஒட்டி இருக்கிறது, ஆலைகள் உள்பக்கம். அப்படியானால் பகலில் காற்று எங்களிடமிருந்து ஆலைக்குப் போகும், ராத்திரி ஆலையிலிருந்து எங்களுக்கு வரும். எங்கள் ஒத்திகைகள் எல்லாம் காலை பத்து மணிக்கு நடந்தன.

இதற்கு அலோஹா என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அமெரிக்க அரசு நிறுவனங்கள் உருவாக்கியது. எவ்வளவு கசிந்தது, காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று கொடுத்தால் நச்சு மேகம் எவ்வளவு தூரம் போகும் என்று படம் போட்டுத் தரும். நல்ல கருவி, நானும் பயன்படுத்தினேன். ஆனால் மலையை அதற்குத் தெரியாது. தரை தட்டையாக இருப்பதாகவே கணக்குப் போடும், காற்று அசையாமல் கிடக்கும் நேரத்தில் அதன் கணக்கை நம்ப முடியாது. எங்கள் கிண்ணத்தில் ஆபத்தான நேரமே காற்று செத்துக் கிடக்கும் பின்னிரவுதான். அப்போது கனமான வாயு மேலே கலையாமல் பள்ளம் பார்த்துத் தண்ணீர் போல ஓடும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், ஸ்டைரீன் ஆவி மூன்றரை மடங்கு. அமோனியா லேசானது என்று படித்திருப்போம், ஆனால் தொட்டியிலிருந்து திரவமாகப் பீறிட்டால் குளிர்ந்த பனிமூட்டமாகத் தரையோடு தவழும்.

அதனால் ஊதுபத்தியை எடுத்தேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பத்துப் பன்னிரண்டு நாள், அதிகாலை நாலு மணிக்கு, சுவரோரம் எட்டு இடங்களில் பத்தவைத்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காந்த ஊசியை வைத்துக் குறித்தேன். வானிலைக் கோபுரத்தில் மேற்குக் காற்று என்று பதிவான ஒரு நாளில், கீழே மழைநீர் ஓடைப் பக்கம் புகை நேராகத் தெற்கே, குடியிருப்பைப் பார்த்துப் போனது. ஓடை பள்ளம், குளிர்ந்த காற்று அதன் வழியே வழிந்தது. குழந்தைகள் விளையாடும் இடம் அந்த ஓடையின் கடைசியில் இருந்தது. எட்டு ஊதுபத்தி சொன்னதை எந்த வரைபடமும் எனக்கு அதுவரை சொல்லவில்லை.

உள்ளே இருந்த ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்திலேயே மஞ்சள் நிறக் குளோரின் டோனர்கள் இருந்தன. வெளியே ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்துதான் அதைப் பார்த்தேன். ஒரு நாள் வால்வு பக்கம் லேசாக நெடி என்றார்கள். ஆபரேட்டர் அமோனியாக் கரைசலில் நனைத்த துணியைக் குச்சியில் கட்டி வால்வைச் சுற்றிக் காட்டினார். ஓர் இடத்தில் சட்டென்று வெண்புகை எழுந்தது, கசிவு அங்கேதான். புதிதாக வந்த ஆள் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயை எடுத்தான். ஆபரேட்டர் பெரியவர் அவன் கையைப் பிடித்துவிட்டார். கசியும் குளோரின் வால்வில் தண்ணீர் பட்டால் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும், ஊசித்துளை விரல் துளையாகும். பிறகு டோனரை உருட்டி, கசியும் பக்கம் மேலே வரும்படி வைத்தார். கீழே இருந்தால் திரவம் வெளியேறும், அது நானூற்றைம்பது மடங்குக்கு மேல் வாயுவாக விரியும். மேலே வந்துவிட்டால் வெறும் வாயுதான் வரும், சேதம் குறையும். பத்தாவது வரை படித்த மனிதர். அன்று அவர் கை நடுங்கவில்லை. அந்தக் கையை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

மறுபடி ஸ்டைரீனுக்கு வருகிறேன். நான் 'குறைவு' என்று எழுதியதற்குக் காரணம் இருந்தது. ஸ்டைரீன் 145 டிகிரியில் கொதிக்கும், சாதாரண வெப்பத்தில் வெறும் திரவம். அமோனியாவும் குளோரினும் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து மூன்று, முப்பத்து நாலு டிகிரியிலேயே கொதிப்பவை, துளை விழுந்தால் உடனே வாயு. கொதிநிலையையும் அளவையும் வைத்து வரிசைப்படுத்தினேன், ஸ்டைரீன் கீழே போய்விட்டது. ஆனால் அதன் மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடொன்று பிணைந்து சூடேறும். தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும், பிணையாமல் தடுக்கும் மருந்து தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரடங்கில் ஆலை வாரக்கணக்கில் நின்றிருந்தது. தடுப்பு மருந்து குறைந்திருந்தது, குளிரூட்டும் எந்திரம் இருபத்து நாலு மணி நேரமும் ஓடவில்லை, வெப்பமானி தொட்டியின் அடியில் மட்டும் இருந்ததால் மேல்பகுதி கொதிப்பது தெரியவில்லை என்றெல்லாம் அரசின் உயர்நிலைக் குழு பிறகு சொன்னது. ஊரை எழுப்ப சைரனும் ஒலிக்கவில்லை.

அதன்பின் என் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டினேன்: 'இதை அமைதியாக வைத்திருப்பது எது? அது நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும்?' மின்சாரமா, குளிர்ந்த நீரா, மருந்தா, ஒரு ஆளின் ராத்திரி ஷிஃப்டா. ஹுத்ஹுத் புயல் 2014 அக்டோபரில் அடித்தபோது நகரமே நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. அப்போதே அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆலைக்குப் போகும்போது 'என்ன வைத்திருக்கிறீர்கள்' என்பதோடு நிற்காமல், 'ஒரு மாதம் பூட்டிப் போட்டால் என்ன செய்வீர்கள்' என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் யோசிக்கும் நேரமே உங்களுக்கு நிறையச் சொல்லும்.

ராணுவத் தளத்துக்கு என்று தனியாக ஒரு கேள்வியும் உண்டு. வெளியே இருப்பவர் ஓடலாம். காவல் நிற்கும் சிப்பாய் ஓட முடியாது, வெடிமருந்துக் கிடங்கை விட்டுவிட்டுப் போக முடியாது. யாரெல்லாம் இடத்தைவிட்டு நகர முடியாதவர்கள் என்று பெயர் பெயராக எழுதினோம். எங்களிடம் பத்தொன்பது இடங்கள் வந்தன. அந்தப் பத்தொன்பதுக்கும் முதலில் பி.ஏ. செட், ஏ.சி.யை ஒரே சுவிட்சில் நிறுத்தும் வசதி, கதவு ஜன்னல் இடுக்கை அடைக்க டேப். மற்றவர்களுக்குக் காற்றுக்குக் குறுக்கே விலகிப் போகும் வழி, போக நேரமில்லாவிட்டால் மாடி அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு ஈரத்துணியோடு இருப்பது. மேகம் கடந்ததும் மறக்காமல் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவதும் அதே அளவு முக்கியம், உள்ளே தங்கிய வாயுதான் பிறகு கெடுதல் செய்யும்.

வழி என்றதும் சாவி ஞாபகம் வருகிறது. குடியிருப்பிலிருந்து தப்ப ஏற்ற வழி வடக்கு வாசல். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அது பூட்டியிருக்கும், சாவி முதன்மை வாசலில் இருக்கும், முதன்மை வாசல் ஆலைப் பக்கம். அதாவது சாவி எடுக்க ஒருவர் வாயுவுக்குள் ஓட வேண்டும். பத்து வருஷத்துக் காகிதத் திட்டத்தில் யாருக்கும் இது கண்ணில் படவில்லை. சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வடக்கு வாசல் காவலரிடமே ஒப்படைக்க எட்டு மாதம் கடிதம் எழுதினேன்.

இன்னொன்று தொலைபேசி. திட்டத்தில் இருந்த எல்லா எண்ணுக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு அழைத்துப் பார்த்தேன். பதினொன்றில் ஐந்துதான் எடுத்தார்கள். ஒன்று கல்யாண மண்டபம். எங்கள் எண்ணையும் ஆலைக்காரர்கள் பழைய எக்ஸ்சேஞ்ச் எண்ணாகவே வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஷிஃப்ட் இன்சார்ஜின் கைபேசி எண்ணை மாதம் ஒருமுறை, ராத்திரியில், அழைத்துச் சரிபார்த்தோம். முதலில் எரிச்சலாகப் பேசியவர்கள் பிறகு அவர்களே அழைத்து, "சார், இன்றைக்கு வால்வு மாற்றுகிறோம், நெடி வரலாம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ரகசியம் பேண வேண்டிய இடம் என்று சொல்லித் தளம் அக்கம்பக்கத்தோடு பேசாமலே இருந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை, ராத்திரி போனை எடுத்தால் போதும். வெளியே காலனிக்காரர்களையும் அந்த அழைப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் ஓய்வு பெறும்வரை அது பாதிதான் நடந்தது, டீக்கடை அம்மாவின் மகன் உட்பட நாலு பேரின் எண்கள்.

போன வருஷம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக விசாகப்பட்டினம் போயிருந்தேன். பின்பக்கச் சுவரோரம் அந்தக் கடை அப்படியே இருக்கிறது, இப்போது மகன்தான் பார்த்துக்கொள்கிறான். அம்மா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டதும் டீ வருவதற்கு முன்பே சொன்னார்: "பாபு, ஐஸ் ஆபீஸ் வண்டி இப்போதெல்லாம் பகலில் வருவதில்லை. ராத்திரி ஒரு மணிக்குத்தான்." நோட்டு என்னிடம் இல்லை. கைபேசியில் குறித்துக்கொண்டு, என் இடத்தில் இப்போது இருக்கும் தம்பியை அங்கிருந்தே அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.